ஈ.சி.ஜி. நல்லம், நெஞ்சுதான் இறுகுது

கேள்வி: எனக்கு 38 வயது. அவர் கட்டாரில். மூன்று இடத்தில் லோன் எடுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை தோறும் தவணை கட்டுற குழுக் கூட்டம். நாலைந்து மாதமாக நெஞ்சு இறுகுது, தலையிடி, வயிற்றெரிவு, நித்திரையே இல்லை. ஈ.சி.ஜி. பார்த்த டொக்டர் ஒன்றுமில்லை, யோசிக்காமல் இருங்கள் என்றார். நான் நடிக்கிறேனாம், மாமி சொல்கிறா. போன கிழமை தேத்தண்ணியைத் தட்டிவிட்டான் என்று மகனை அகப்பைக் காம்பால் அடித்துவிட்டேன். எனக்கு என்ன நடக்குது?
- பெயர் வேண்டாம், களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, நீங்கள் நடிக்கவில்லை. ஈ.சி.ஜி. இதயத்தின் மின்துடிப்பைக் காட்டும், செவ்வாய்க்கிழமையைக் காட்டாது.

படலையடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால், வந்தது லோன்காரரில்லை, மீன்காரர் என்றாலும் கை குளிர்ந்துபோகுது என்று எழுதியிருக்கிறீர்கள். விசயமே அதுதான். வளவுக்குள் பாம்பைக் கண்டால் சிறுநீரகத்துக்கு மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் விடும். நெஞ்சு படபடக்கும், தசை இறுகும், சமிபாடு மந்தமாகும். பாம்பு போனால் உடம்பும் மெல்ல அடங்கும். கடன் அப்படிப் போகாதே! தவணை கட்டிய மறுநாளே அடுத்த செவ்வாய் தொடங்கிவிடுகிறது. இரவில் குறைய வேண்டிய கோர்ட்டிசோல் குறையாவிட்டால் நித்திரை எங்கே வரும்?

1936 இல் ஹான்ஸ் செலி என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், நஞ்சூட்டினார். தீங்கு வேறு வேறு. விளைவோ ஒன்றுதான்: அட்ரினல் சுரப்பி வீங்கி, இரைப்பையில் புண். பாவம் எலிகள். உங்கள் வயிற்றெரிவை மாமி நம்பாவிட்டாலும் செலி நம்பியிருப்பார்.

மகனை அடித்ததும் இதோடு சேர்ந்ததுதான். விழிப்பு நிலையிலேயே கிடக்கும் மூளைக்குக் கொட்டிய தேத்தண்ணியும் ஆபத்தாகத் தெரியும். அதற்காக அடித்தது சரியாகாது. பக்கத்தில் இருத்தி, "அம்மாவுக்குக் கோபம் வந்திட்டு, பிழை உன்னில இல்ல மனே" என்று சொல்லுங்கள். பிள்ளைக்கு அது தேவை.

"யோசிக்காதீங்க" என்பது வைத்தியமில்லை என்பது என் அபிப்பிராயம். மூன்று கடனையும் ஒரே கொப்பியில் எழுதி, அவருக்குப் படமெடுத்து அனுப்புங்கள். அவருக்கு ஒன்றைப் பற்றித்தான் தெரியும் என்கிறீர்கள், அந்த ஒளிப்பே பாதிப் பாரம். நாலாவது லோன் எடுத்து மூன்றை அடைக்கப் பார்க்க வேண்டாம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பிளேன்ரீயை விடுங்கள். சத்தம் கேட்டு நெஞ்சு இறுகும்போது மூச்சை இழுத்ததை விட இரண்டு மடங்கு நேரமெடுத்து மெதுவாக விடுங்கள். இரத்தச் சோகை, தைரொயிட் இரண்டையும் சோதித்துக்கொள்வதும் நல்லம். வலி கைக்கோ தாடைக்கோ ஏறி வியர்த்தால் இது மன அழுத்தம் என்று வீட்டில் இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை எழுதி வெட்டியிருக்கிறீர்கள். பேனை அழுத்தியதில் மற்றப் பக்கத்தில் வாசிக்க முடிந்தது. அந்த எண்ணம் திரும்ப வந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1926 க்கு எந்த நேரமும் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். நாளைக்கே ஆதார வைத்தியசாலைக்குப் போய் மனநல டொக்டரைக் காண வேண்டும் என்று கேளுங்கள். தனியே போக வேண்டாம், கடிதத்தில் சொன்ன அந்தப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள். போய் வந்து எனக்கு எழுதுங்கள்.