புது மாடல் வரட்டும்னு காத்திருக்கலாமா?

கேள்வி: அண்ணே, காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரகடத்துக்கு டெய்லி பஸ்லதான் வேலைக்குப் போறேன், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக் வாங்கலாம்னு காசு சேத்து வெச்சிருக்கேன். ஆனா ஃபோனைத் தொறந்தா அடுத்த மாசம் புது மாடல் வருதுன்னு தினம் ஒரு வீடியோ, ஷோரூம்ல சொல்ற ரேட்டும் வேற மாதிரி இருக்கு. வாங்கட்டுமா, காத்திருக்கட்டுமா?
- ஒரு வாசகர், காஞ்சிபுரம்

பதில்: வாங்கிடுங்க தம்பி. புது மாடலுக்குக் காத்திருந்தா காத்துக்கிட்டேதான் இருக்கணும், ஏன்னா ஒண்ணு வந்து இறங்கறதுக்குள்ள அடுத்ததோட ஸ்பை ஷாட் (வெளியாகறதுக்கு முன்னாடி திருட்டுத்தனமா எடுக்கற ஃபோட்டோ) வந்துடும், அதுவுமில்லாம புது மாடல்ல ஏதாவது கோளாறு இருந்தா முதல் லாட்ல வாங்கறவங்க தலையிலதான் அது விடியும், அதனால வந்தாலும் ஒரு ஆறு மாசம் விட்டு வாங்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

அதுக்காக பைக் நியூஸே பாக்காதீங்கன்னு சொல்லல. வரி, ரூல்ஸ் பத்தி வர்ற நியூஸை மட்டும் விட்டுடாதீங்க, நம்ம பாக்கெட்டைத் தொடறது அதுதான். 2025 செப்டம்பர் 22லேர்ந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதத்துலேர்ந்து 18 ஆச்சு, அதுக்கு மேல போனா 40. வரிக்கு முன்னாடி ஒன்றரை லட்சம் இருக்கிற வண்டின்னா பதினஞ்சாயிரம் மிச்சம், நீங்க கேக்கற வண்டி 349 சிசிங்கறதால அந்த லாபம் உங்களுக்கு உண்டு, அதே கம்பெனியோட பெரிய இன்ஜின் வண்டி ஹிமாலயன் 450க்கு வரி ஏறிடுச்சு. இதே மாதிரிதான் 2017 மார்ச் 29ல, ஏப்ரல் 1லேர்ந்து பிஎஸ்3 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செஞ்ச) வண்டி விக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதும் ரெண்டே நாள்ல ஷோரூமெல்லாம் தள்ளுபடி போட்டுத் தள்ளுனாங்க, நியூஸ் பாத்தவங்க போய் எடுத்துட்டு வந்தாங்க.

ரேட்டு விஷயம். ஆன்ரோடு விலைய (எல்லாம் சேத்து நாம கட்டற மொத்தம்) ஒரே நம்பரா வாங்காதீங்க, எக்ஸ்ஷோரூம் (ஜிஎஸ்டியோட வண்டி விலை) எவ்வளவு, ரோட் டாக்ஸ் எவ்வளவு (தமிழ்நாட்டுல ஒரு லட்சத்துக்கு மேல போற வண்டிக்கு 12 சதவீதம்), ரிஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் எவ்வளவுன்னு பிரிச்சு எழுதிக் கேளுங்க. நான் வண்டி எடுத்தப்ப அதைச் செய்யல, பில்லுல ஹேண்ட்லிங் சார்ஜ்னு மூவாயிரம் போட்டிருந்தாங்க, கேள்வி கேக்காம கட்டிட்டு வந்துட்டேன், இன்னைக்கு நெனச்சாலும் வயிறு எரியுது. அப்படி ஒண்ணு கட்டணும்னு எந்தச் சட்டமும் கிடையாது, எடுக்கச் சொல்லுங்க. இன்ஷூரன்ஸும் ஷோரூம்லயே போடணும்னு இல்ல, வெளியவும் ரேட் கேட்டுப் பாருங்க, 5 வருஷ தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகற நஷ்டத்துக்கான இன்ஷூரன்ஸ்) மட்டும் எங்க போட்டாலும் கட்டாயம்.

இன்னொண்ணு, அந்த வண்டி 195 கிலோ. டெஸ்ட் ரைடு போறப்ப ஓட்டிட்டு மட்டும் வந்துடாதீங்க, இறங்கி நின்னு பார்க்கிங்ல தள்ற மாதிரி பின்னால தள்ளிப் பாருங்க, பின்சீட்டுல ஒரு ஆளை உக்கார வெச்சும் ஓட்டிப் பாருங்க. டெலிவரி அன்னிக்கு சேல் சர்டிஃபிகேட்ல வண்டி தயாரான மாசம், வருஷம் போட்டிருக்கும், பழைய ஸ்டாக்கா இல்லையான்னு அதைப் பாத்துட்டு சாவிய வாங்குங்க.