காசாளர் பதில்கள்: கை தவறிய கடைசிப் பணம்

முப்பத்தொரு வருடம் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணியவன் என்பதால், பணம் பற்றி வரும் கடிதங்களை எல்லாம் ஆசிரியர் என் பக்கம் தள்ளிவிடுகிறார். இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: கையில் இருந்த கடைசிப் பணத்தைத் தவறவிட்டது. எழுதியவர்கள் அத்தனை பேரும் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். திருட்டுக் கொடுத்தவர்கள்கூட என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

கேள்வி: மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. கணக்கில் மிச்சம் இருந்தது அறை வாடகை மட்டும். வீட்டு உரிமையாளருக்குச் செல்போனில் அனுப்பும்போது அவருடைய எண்ணில் 69 என்று முடிவதை 96 என்று அடித்துவிட்டேன். திரையில் வேறு பெயர் வந்தது. பார்த்தேன், ஆனால் படிக்கவில்லை. பணம் போய்ச் சேர்ந்தவர் போனை எடுப்பதில்லை. "உனக்கு எப்போதுமே பொறுப்பு கிடையாது" என்கிறான் அண்ணன். பணம் திரும்ப வருமா? நான் உண்மையிலேயே பொறுப்பில்லாதவளா?

பணத்தை முதலில் பார்ப்போம். இன்னும் வங்கியில் எழுத்தில் புகார் கொடுக்கவில்லை என்றால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டுப் போய்க் கொடுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, அனுப்ப நினைத்த எண், அனுப்பிய எண், எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். புகார் எண் வாங்காமல் நகராதீர்கள். கவுன்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், வாயால் சொன்ன புகார் மதிய இடைவேளைக்குள் மறந்துபோகும்.

உங்கள் வங்கி நேராக அந்த மனிதருடைய கணக்கில் கை வைக்காது. அவருடைய வங்கிக்கு எழுதும், அவர்கள் அவரைக் கேட்பார்கள், பெரும்பாலும் அவர் சம்மதித்தால்தான் பணம் நகரும். தவறி வந்தது என்று தெரிந்தும் வைத்துக்கொள்வது நியாயம் இல்லைதான். ஆனால் நியாயம் நம் பக்கம் இருப்பதும் பணம் நம் கைக்கு வருவதும் வேறு வேறு. நாளாகலாம். அவருக்கு ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள், மரியாதையாக. ஒரு நாளைக்கு நாற்பது முறை கூப்பிட்டால் நல்லவர்கூட உங்களை மோசடிக்காரர் என்று நினைத்து எண்ணை முடக்கிவிடுவார். திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னாலும், ரகசிய எண்ணையோ ஓடிபியையோ கேட்டால் கொடுக்காதீர்கள். நமக்குப் பணம் வருவதற்கு அது எதுவும் தேவையில்லை. கட்டணம் கட்டினால் மீட்டுத் தருகிறோம் என்று வருகிறவர்களுக்குப் பதிலே சொல்லாதீர்கள். வீட்டு உரிமையாளரிடம் இன்றே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், தேதி தாண்டிய பிறகு சொன்னால் அது சாக்குபோலத்தான் காதில் விழும்.

இனி அண்ணன் சொன்னது. உங்கள் 96 ஏன் தடுக்கப்படவில்லை தெரியுமா? வங்கி அட்டை எண்ணின் கடைசி இலக்கம் சும்மா வந்ததல்ல. முன்னால் இருக்கும் இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு அதை வைக்கிறார்கள். ஐபிஎம்மில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. ஒரே ஒரு இலக்கத்தை மாற்றி அடித்தாலும் கணக்கு இடிக்கும், எண் செல்லாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். 09, 90 என்று மாறினால் மட்டும் தப்பிவிடும். ஆக, ஒரு அட்டை எண்ணில் இதே தவறைச் செய்திருந்தால் இயந்திரமே உங்களை நிறுத்தியிருக்கும். செல்போன் எண்ணில் அப்படி ஒரு காவல் இலக்கம் இல்லை. தவறாக அடித்த எண்ணும் யாரோ ஒருவருடைய சரியான எண்தான். வழுக்கும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத பலகையில் ஏறச் சொல்லிவிட்டு, விழுந்தவரைப் பார்த்துப் பொறுப்பில்லை என்பதுபோல இருக்கிறது இது.

மனிதத் தவறுகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் ஒரு வித்தியாசம் சொல்வார். எண்ணமே தப்பாக இருப்பது ஒரு வகை. எண்ணம் சரி, கை மட்டும் தவறுவது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை, நன்றாகப் பழகிய வேலையில்தான் வரும். அவருக்கே அது நடந்தது. தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது பூனை கத்தியது, பூனைத் தீனியை எடுத்துத் தேநீர்க் கெண்டிக்குள் போட்டுவிட்டார். அவரை அந்த ஆராய்ச்சிக்குள் இழுத்ததே அந்தக் கெண்டிதான். முதல் முறை பணம் அனுப்புகிறவர் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஐந்நூறாவது முறை அனுப்பும் உங்களுக்குத்தான் அந்தப் பெயர் கண்ணில் பட்டும் மனதில் ஏறாது.

அதிலும் நீங்கள் அனுப்பியது கடைசிப் பணம். மண்டைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இதைக் கொடுத்துவிட்டால் பன்னிரண்டு நாளைக்கு என்ன செய்வது, யாரைக் கேட்பது, எதைத் தள்ளிப்போடுவது. 2013இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும்போது ஒரு முறை, அறுவடை முடிந்து பணம் வந்தபின் ஒரு முறை, புத்தியையும் கவனத்தையும் சோதித்தார்கள். அதே ஆட்கள், அதே வகைச் சோதனைகள். கையில் பணம் இல்லாதபோது எல்லாம் குறைவாகச் செய்தார்கள். பணக் கவலை மூளையின் ஒரு பங்கை எப்போதும் பிடித்து வைத்திருக்கிறது, மிச்சத்தை வைத்துத்தான் மற்ற வேலை நடக்கிறது என்றார்கள் ஆய்வாளர்கள்.

இதைப் படித்தபோது எனக்குப் பழைய சிலபஸ் ஞாபகம் வந்தது. குறளில் பொச்சாவாமை என்றே ஒரு அதிகாரம் உண்டு. பொச்சாப்பு என்றால் கவனமறதி. அதன் இரண்டாவது குறள், மறதி புகழைக் கொல்லும் என்று சொல்லிவிட்டு, எதைப்போல என்பதற்கு ஒரு உவமை தருகிறது: "அறிவினை நிச்ச நிரப்புக் கொன்றாங்கு." நிரப்பு என்றால் வறுமை. தினம் தினம் இருக்கும் வறுமை அறிவைக் கொல்வதுபோல. பள்ளியில் இதை ஒப்பித்தபோது முன்பாதியைத்தான் வாத்தியார் விளக்கினார். உவமையை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்று தாண்டிவிட்டார். இப்போது உங்கள் அண்ணனுக்கு அந்தப் பின்பாதியைத்தான் படித்துக் காட்ட வேண்டும்.

இன்னும் ஒன்றும் அவரிடம் சொல்லுங்கள். 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ஒரு நிறுவனத்தின் கடனுக்கு 78 லட்சம் டாலர் அளவில் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில், ஏறத்தாழ 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. திரையில் தேர்வு செய்ய வேண்டிய பெட்டிகளில் இரண்டு விட்டுப்போய்விட்டது. மூன்று பேர் சரிபார்த்துத்தான் அனுப்பினார்கள். வாங்கியவர்களில் பலர் 50 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தர மறுத்தார்கள். முதலில் தீர்ப்பும் அவர்களுக்குச் சாதகமாக வந்தது, 2022இல் மேல்முறையீட்டில்தான் மாறியது. ஆறு கண்கள் பார்த்துத் தவறவிட்டதை உங்கள் இரண்டு கண்கள் தவறவிட்டன. அந்த வங்கி மறுநாளும் திறந்திருந்தது. உங்களுக்கு மறுநாள் வாடகை இல்லை. வித்தியாசம் பொறுப்பில் இல்லை, மிச்சத்தில் இருக்கிறது.

கேள்வி: மாதச் செலவுக்கு இருந்த கடைசிப் பணத்தைப் பர்ஸோடு பேருந்தில் விட்டுவிட்டு வந்தாள் என் மனைவி. வந்த கோபத்தில் கத்திவிட்டேன். அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?

ஒன்றும் சொல்ல வேண்டாம். கத்தியது தப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் பேருந்து போய் நிற்கும் பணிமனைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். கிடைக்காது என்று வீட்டில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டீர்கள், இல்லையா? 2019இல் வெளியான ஒரு ஆய்வில், 40 நாடுகளில் 355 நகரங்களில் 17,000க்கும் மேற்பட்ட பர்ஸ்களை வங்கி, அஞ்சலகம், விடுதி போன்ற இடங்களின் முன் மேசைகளில், கீழே கிடந்தது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். பணம் இல்லாத பர்ஸைவிடப் பணம் இருந்த பர்ஸைத்தான் அதிகம் பேர் உரியவருக்குத் தகவல் சொல்லித் திருப்பினார்கள். பொருளாதார நிபுணர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது அவர்களில் பெரும்பாலோர் இதை ஊகிக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம், அந்தப் பர்ஸ்களில் எல்லாம் உரியவர் பெயரும் மின்னஞ்சலும் இருந்தன. உங்கள் வீட்டுப் பர்ஸில் என்ன இருந்தது? எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டாவது?

கத்துவார்கள் என்று பயந்து சொல்லாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், சம்பளத்தில் மிஞ்சிய நோட்டுகளை ஒரு நாவலுக்குள் வைத்துவிட்டு, அந்த நாவலை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்தவர் பணத்தை நாள் முழுக்க ஒற்றை நோட்டு பிசகாமல் எண்ணுகிறவன்! மறுநாள் ஓடினால், புத்தகத்தை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். பெயரைச் சொல்ல நூலகர் மறுத்துவிட்டார். நான் வீட்டில் சொல்லவில்லை. கூட வேலை பார்த்தவரிடம் பல்வலி என்று பொய் சொல்லிக் கடன் வாங்கினேன். பிறகு பல்வலி இருப்பதுபோல நடிக்கவும் வேண்டியிருந்தது. அவர் தினமும் ஒரு கைவைத்தியம் சொல்வார், அதையும் செய்து பார்த்ததாகச் சொல்ல வேண்டும். பணம் போனதைவிட அந்தப் பதினான்கு நாள் நடிப்புதான் என்னைத் தின்றது. பதினைந்தாம் நாள் புத்தகம் திரும்பி வந்தது. நோட்டுகள் 212ஆம் பக்கத்தில் வைத்தபடியே இருந்தன. எடுத்துப் போனவர் 40ஆம் பக்கத்தில் ஓரத்தை மடித்திருந்தார், அதற்கு மேல் போகவில்லை. என்னைக் காப்பாற்றியது யாருடைய நேர்மையும் இல்லை, அந்த நாவலாசிரியரின் வறட்டு நடை.

வீட்டில் ஏன் சொல்லவில்லை? கத்துவார்கள் என்று பயம். உங்கள் மனைவி சொன்னார், பாருங்கள்.

கேள்வி: சட்டைப் பையில் இருந்த கடைசி நோட்டைத் துவைத்துவிட்டேன். மூன்று துண்டு. ஒட்டிவிடலாமா?

கூடாது. இஸ்திரியும் போடாதீர்கள். நிழலில் காயவிட்டு, துணியில் ஒட்டியிருக்கும் சின்னத் துணுக்குகள் உட்பட எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வங்கிக்கு எடுத்துப் போங்கள். எவ்வளவு பரப்பு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து மாற்றித் தரும் விதி பல நாடுகளில் உண்டு. நீங்களாக ஒட்டினால், வேறு வேறு நோட்டுத் துண்டுகளைச் சேர்த்திருக்கிறாரோ என்று கவுன்டரில் இருப்பவருக்குத் தோன்றும். எனக்குத் தோன்றும்.

கேள்வி: தொலைந்த பணத்தை எத்தனை நாள் தேடலாம்?

பிரிட்டனில் நியூபோர்ட் நகரத்தில் ஒருவர், பிட்காயின் என்னும் டிஜிட்டல் பணம் சில ஆயிரத்துக்கான ரகசிய எண் இருந்த கணினி வட்டு 2013இல் தவறிப்போய்க் குப்பையோடு போய்விட்டது என்கிறார். குப்பைமேட்டைத் தோண்டவிடும்படி நகராட்சியைக் கேட்டுப் பார்த்தார், வழக்கும் போட்டார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பதினொரு வருடத்துக்கு மேல். அவருடைய தொகைக்கு அது தகும் என்று அவர் நினைக்கலாம். உங்களுடையதை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் தேடப்போகும் போக்குவரத்துச் செலவு தொலைந்ததில் பாதியைத் தொடும்போது வீடு திரும்பிவிடுங்கள். வங்கிப் புகாரை மட்டும் விடாதீர்கள், அது உட்கார்ந்த இடத்தில் நடக்கும் தேடல்.

கேள்வி: இனி நடக்காமல் இருக்க ஏதாவது ஒரு வழி சொல்லுங்கள். "கவனமாக இரு" என்பதைத் தவிர.

அதை நான் சொல்லவே மாட்டேன். பழைய ஏடிஎம்களில் பணம் முதலில் வரும், அட்டை பிறகு வரும். பணம் கைக்கு வந்ததும் வந்த வேலை முடிந்தது என்று மனம் கிளம்பிவிடும், அட்டை அங்கேயே கிடக்கும். கவனமாக இருங்கள் என்று பலகை மாட்டுவதைவிட, வரிசையை மாற்றினார்கள். அட்டையை எடுத்தால்தான் பணம் என்று ஆக்கினார்கள். அட்டையை விட்டுப் போவது வெகுவாகக் குறைந்தது. நீங்களும் வரிசையை மாற்றுங்கள். புது எண்ணுக்கு முதலில் ஆகச் சிறிய தொகை ஒன்றை அனுப்பி, வந்ததா என்று கேட்டபிறகு மீதி. திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படித்தபிறகு பொத்தான். கடைசிப் பணத்தை இரவு பத்து மணிக்கு மேல் அனுப்பவே வேண்டாம்.

கேள்வி: உங்களுக்கு இப்போதெல்லாம் இப்படி நடப்பதில்லையா?

நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னமும் தலைகீழாகப் பிடித்து நாலு உதறு உதறுகிறேன். நூலகருக்கு எரிச்சல், அட்டை கிழிகிறதாம். போன மாதம் ஒன்று விழுந்தது, யாருடைய மருந்துச் சீட்டோ. கவுன்டரில் கொடுத்துவிட்டு வந்தேன். வெளியே வந்து பாதி தூரம் நடந்தபிறகுதான் ஞாபகம் வந்தது, குடையை மேசைமேல் வைத்திருந்தேன்.