செவ்வாய், வியாழக்கிழமைகளில் வந்த வயிற்றுவலி

பள்ளிகளில் மகிழ்ச்சியையும் மனநலத்தையும் பாடமாகக் கற்பிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இராமேசுவரம் தீவில் உள்ள ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராக இருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தில்லி அரசு 2018 ஜூலையில், மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, ஒரு பாடவேளையை மகிழ்ச்சிக்கென்றே ஒதுக்கியது. மூச்சைக் கவனித்தல், கதை, கலந்துரையாடல் ஆகியவை அதில் இருந்தன. தேர்வும் மதிப்பெண்ணும் இருக்கவில்லை. தேர்வு இல்லாததே அதன் சிறப்பு என்பேன். ஆனால், மகிழ்ச்சியாக இரு என்று பிள்ளையிடம் சொல்வதற்கு முன், அவனுக்குள் என்ன நடக்கிறது என்று சொல்ல அவனிடம் சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன் அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று வந்து நிற்பான். மாங்காய் தின்பதைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ஒருநாள் வருகைப் பதிவேட்டைப் புரட்டியபோதுதான், அவன் பாதியில் போன நாள்கள் எல்லாம் செவ்வாயும் வியாழனுமாக இருப்பது கண்ணில் பட்டது. எங்கள் ஊர் விசைப்படகுகள் பெரும்பாலும் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் காலையில் திரும்புபவை. அதற்கு முந்தைய ஆண்டு அவன் தந்தை சென்ற படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போயிருந்தது. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் அவனுக்கு வலியே வரவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்கும் ஆண்டுத் தேர்வு நேரம் அது!

அவன் பொய் சொல்லவில்லை. சிறுவர்களுக்குப் பதற்றம் பல வேளைகளில் வயிற்றுவலியாகவும் தலைவலியாகவுமே வெளிப்படும். "பயமா இருக்கு", "கோவமா இருக்கு" என்ற இரண்டைத் தாண்டி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல் வருவதில்லை என்பதால், ஏக்கம், கலக்கம், தவிப்பு, ஆற்றாமை என்று கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எப்போது வரும், உடம்பில் எங்கே தெரியும் என்று அவர்களையே பேசவிட்டேன். வாரத்துக்கு ஒரு பாடவேளைதான். மூச்சுப் பயிற்சியும் உண்டு. ஆனால் கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை, ஏனெனில் சிலருக்குக் கண்ணை மூடினால்தான் கலக்கம் கூடுகிறது.

ஆசிரியரால் தீர்க்க முடியாதவையும் உண்டு. அவற்றுக்காகப் பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் 14416 ஆகிய இரு எண்களையும் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம்.

அந்த மாணவன் தனக்கான சொல்லாகத் தவிப்பைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். அதன்பின் அவன் தாயிடம் பேசி, படகு கரைக்கு வந்ததும் பள்ளிக்கு ஒரு போன் செய்யச் சொன்னோம். செய்தி வந்ததும் வகுப்பு வாசலில் நின்று, "அப்பா படகு வந்துருச்சுடா" என்பேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விட்ட கணக்கைத் தொடர்வான்.