பேரிங் கேள்விகள்: வரப்பை வெட்டிவிட்டுத் தண்ணீர் நிற்கவில்லை என்கிறீர்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அரிசி ஆலைகளிலிருந்து. அறுவடை நெல் வந்து குவிகிற நேரத்தில்தான் எல்லோருக்கும், சுழலும் தண்டான ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் ஞாபகம் வருகிறது.

நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் 6310 எண் குண்டு பேரிங்குக்குப் புது கிரீஸ் தாராளமாக அடித்தோம். முன்பைவிட அதிகமாகச் சுடுகிறதே? (பெகு)

தாராளம்தான் காரணம். குண்டுகளுக்கு வேண்டியது கிரீஸிலிருந்து கசியும் எண்ணெய் மட்டும். உள்ளே முட்ட முட்ட அடைத்தால் அவை நாள் முழுக்க கிரீஸைக் கடைந்து கொண்டிருக்கும், கடைந்தால் சூடு. பேரிங்கின் வெளிவிட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005-ஆல் மறுபடி பெருக்குங்கள். 6310-க்கு 110 × 27, அதாவது சுமார் 15 கிராம். பர்மா வீசையில் (சுமார் 1.6 கிலோ) நூறில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் கிரீஸ் கன் ஓர் அழுத்தத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்பதைப் பத்து முறை அழுத்தி எடை போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கிராம் பக்கம் இருக்கும். இப்போதைக்கு வடிகால் மூடியைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் ஓட்டுங்கள், மிச்சம் தானே வெளியேறும். 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸின் ஆயுள் பாதியாகும். கிரீஸ் அடிக்கும் முனையான நிப்பிளைத் துடைத்துவிட்டு அடியுங்கள்.

குண்டு அழுத்தும் இடத்தில் எண்ணெய் பிதுங்கி ஓடிவிடாதா? (யாங்கோன், மாணவர்)

ஓட நேரம் கிடைக்காது. அந்தச் சின்ன இடத்தில் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல பத்தாயிரம், இருபதாயிரம் மடங்கு. அவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் ஒரு கணம் கிட்டத்தட்டத் திடப்பொருள்போல இறுகுகிறது. எஃகும் லேசாகத் தட்டையாகிறது. குண்டு கடந்ததும் எண்ணெய் மறுபடி எண்ணெயாகிவிடும். இந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் அரை மைக்ரான் அளவு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி எழுபது மைக்ரான். இரு பரப்புகளின் சொரசொரப்பைப் போல மூன்று மடங்கு படலம் இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடாது. ஒரு மடங்குக்குக் கீழே போனால் உரசல்தான். ஆலைக்காரர்களும் இதைப் படியுங்கள்: உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகா, ஒரு துகள் பல மைக்ரான். அரை மைக்ரான் படலத்தில் அது பாறாங்கல். ஆகவே நிப்பிளைத் துடையுங்கள்.

பெல்ட்டுகளை ஓட்டும் 3 இஞ்ச் லைன் ஷாஃப்டின் ஒயிட் மெட்டல் (மென்மையான வெள்ளை உலோகம் ஊற்றிய) பேரிங்கில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உலோகம் இழுத்துக்கொண்டு போகிறது. எண்ணெய் நன்றாகப் பரவட்டும் என்று மேஸ்திரி கீழ்ப்பாதியில் குறுக்கும் நெடுக்குமாகக் காடி (நீளப் பள்ளம்) வெட்டியிருக்கிறார். இன்னும் ஆழமாக வெட்டலாமா? (தாத்தோன்)

முதலில் மேஸ்திரியிடமிருந்து உளியை வாங்கி வையுங்கள். மாதம் ஒருவராவது இதையே கேட்கிறீர்கள்.

ஷாஃப்டை எண்ணெய் தாங்குவது எப்படி? சுழலும் ஷாஃப்ட் எண்ணெயை இழுத்துக்கொண்டு போய், குறுகிக்கொண்டே வரும் ஆப்பு வடிவ இடைவெளிக்குள் திணிக்கிறது. அங்கே அழுத்தம் ஏறி ஷாஃப்டைத் தூக்கிப் பிடிக்கிறது. 1883 வாக்கில் இங்கிலாந்தில் டவர் என்பவர் ரயில் அச்சு பேரிங் ஒன்றில், சுமை தாங்கும் உச்சியில், எண்ணெய் விடத் துளை போட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதில் வெளியே வந்தது. தக்கை அடைத்தார், தள்ளியது. மரக்கட்டை அடைத்தார், அதையும் தள்ளியது. சராசரிச் சுமை சதுர இஞ்சுக்கு 100 பவுண்டுதான், ஆனால் துளையில் பொருத்திய 200 பவுண்டு அழுத்தமானி போதவில்லை. 1886-இல் ரெனால்ட்ஸ் என்ற அறிஞர் அதற்குக் கணக்கே எழுதிக் கொடுத்தார். அதன் பிறகும் அதே இடத்தில் உளி வைக்கிறோம்.

சுமைப் பக்கத்தில் படலம் பத்து, இருபது மைக்ரான். அதில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி வெட்டினால் அழுத்தம் அதன் வழியே வடிந்துவிடும். குட்டையான பேரிங்கின் நடுவே சுற்றுக்காடி ஒன்று போட்டாலே தாங்கும் திறன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். உங்களுடையதில் குறுக்கு, நெடுக்கு இரண்டும்!

காடி வேண்டும்தான், சுமை இல்லாத பக்கத்தில். சுமை எப்போதும் கீழே என்று நினைக்காதீர்கள். பெல்ட் பக்கவாட்டில் இழுத்தால் சுமையும் பக்கவாட்டில்தான், மேல்நோக்கி இழுத்தால் மேலே. பழைய பேரிங்கைக் கழற்றிப் பளபளப்பான திட்டு எங்கே என்று பாருங்கள். காடி அதற்கு எதிரே. இரு முனைகளுக்கும் பத்து மில்லிமீட்டர் முன்பே அது நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் பக்கவாட்டில் ஒழுகும். ஓரங்களை உருட்டிவிடுங்கள், கூரான விளிம்பு எண்ணெயை வழித்தெடுத்துவிடும். இடைவெளி விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 3 இஞ்சுக்கு ஓர் இஞ்சில் ஆயிரத்தில் மூன்று பங்கு, கொஞ்சம் கூடினால் ஆயிரத்தில் நான்கு பங்கு. மெல்லிய ஈயக் கம்பியை வைத்து இறுக்கி, நசுங்கியதை அளந்து பாருங்கள். வெட்டிய பழைய காடிகளை ஒட்டுப்போடாமல் உருக்கிப் புதிதாக ஊற்றுங்கள்.

ஷாஃப்டில் தொங்கும் வளையம் கீழிருந்து எண்ணெயை ஏற்றுகிற ஆயில் ரிங் பேரிங்குக்கு 20டபிள்யூ-50 இன்ஜின் ஆயில் ஊற்றலாமா? கெட்டியாக இருந்தால் நல்லதுதானே? (பெகு)

இல்லை. கெட்டியான எண்ணெயில் ரிங் சோம்பிச் சுற்றும், மேலே எண்ணெய் ஏறாது. சாதாரண வேகத்துக்கு 68 எண் (ஐஎஸ்ஓ விஜி 68) எண்ணெய் போதும். கழிவு ஆயில் கூடவே கூடாது.

படகின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ரப்பர் பேரிங்குக்கு எந்த கிரீஸ்? (மோல்மேன்)

எதுவும் வேண்டாம். அதற்குத் தண்ணீர்தான் எண்ணெய். கிரீஸ் போட்டால் தண்ணீர் ஓடும் பள்ளங்கள் அடைபடும். கரையில் வைத்து ஒரு நிமிடம்கூட வறட்டு ஓட்டம் ஓட்டாதீர்கள்.

பேரிங் சத்தம் போடுகிறது. என்ன செய்யலாம்? (ஊர் பெயர்கூட இல்லை)

எந்த பேரிங்? எத்தனை சுற்று? என்ன கிரீஸ், கடைசியாக எப்போது? தொட்டால் எவ்வளவு சூடு? கையை இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்க முடியாவிட்டால் 60 டிகிரி பக்கம் என்று கொள்ளலாம். இவ்வளவாவது எழுதுங்கள்.

கரண்ட் போனால் மட்டும் ஓட்டும் ஜெனரேட்டர். இரண்டாண்டில் நூறு மணி நேரம்கூட ஓடவில்லை, பேரிங் போய்விட்டது. (யாங்கோன்)

பக்கத்திலேயே இன்னொரு இயந்திரம் ஓடுகிறதா? சும்மா நிற்கும் பேரிங்கில் எண்ணெயை உள்ளே இழுக்கச் சுழற்சி இல்லை. தரை அதிர்ந்து அதிர்ந்து குண்டுகளுக்கு அடியிலிருக்கும் படலம் பிதுங்கிவிடும். கழற்றிப் பாருங்கள், குண்டுகளுக்கு இடையே உள்ள அதே தூரத்தில் வளையத்தில் குழிகள் இருந்தால் இதுதான் காரணம். ஜெனரேட்டருக்கு அடியில் ரப்பர் மெத்தை போட்டு, வாரம் ஒருமுறை ஷாஃப்டைக் கையால் இரண்டேகால் சுற்றுத் திருப்பி விடுங்கள். முழுச் சுற்றாக விட்டால் குண்டு பழைய இடத்துக்கே வந்து உட்காரலாம்.