ரத்தம் கொட்டும்போது எந்த மயக்க மருந்து?

கேள்வி: கல்லட்டி மலைப்பாதையில் பைக் கவிழ்ந்து, என் தம்பிக்கு மண்ணீரல் கிழிந்துவிட்டது. அவசர ஆபரேஷனுக்கு முன், “பிரஷர் குறைவு, வழக்கமான வெள்ளை மருந்து வேண்டாம், கெட்டமின் கொடுக்கிறோம். இதயம் தாங்கும்” என்றார் மயக்க டாக்டர். ஏன் அப்படி?
- வாசகி, ஊட்டி

பதில்: பால் நிறத்தில் இருக்கும் அந்த மருந்து புரோபோஃபால். 60 கிலோ எடையுள்ளவருக்கு உடலில் சுமார் 4 லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் ஒன்றரை லிட்டர் போய்விட்டால், ரத்தக்குழாய்களைச் சுருக்கியும் நாடித்துடிப்பைக் கூட்டியும்தான் உடல் பிரஷரைப் பிடித்து வைத்திருக்கும். புரோபோஃபாலை வழக்கமான அளவில் செலுத்தினால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். இதயத்தின் இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பாய்வது பெரும்பாலும் அது விரியும் நேரத்தில்தான். அப்போதுள்ள கீழ் பிரஷர் சரிந்தால், மற்ற உறுப்புகளுக்கு ரத்தம் தள்ளும் இதயமே ரத்தமில்லாமல் தவிக்கும்.

கெட்டமின் அட்ரினலின் வகை ஹார்மோன்களைத் தூண்டிப் பிரஷரைத் தாங்கும். வழக்கமான அளவு கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி.; இந்த நிலையில் அதில் பாதியோ இன்னும் குறைவாகவோ கொடுப்பார்கள். காரணம், இதயத் தசையை நேரடியாகத் தளர்த்தும் குணம் கெட்டமினுக்கும் உண்டு. நெடுநேரம் ரத்தம் போய் ஹார்மோன் கையிருப்பு தீர்ந்தவரிடம் அது வெளிப்பட்டுவிடும். எட்டோமிடேட் என்ற இன்னொரு மயக்க ஊசி பிரஷரை அவ்வளவாக அசைக்காது; ஆனால் ஒரே டோஸ்கூட, உடல் நெருக்கடியைச் சமாளிக்க உதவும் கார்டிசோல் ஹார்மோன் சுரப்பைப் பல மணி நேரம் அடக்கும்.

எந்த மருந்தானாலும் பெரிய ஆபத்து அவசரத்தில் இருக்கிறது. ரத்த ஓட்டம் மந்தமாக இருப்பதால் ஊசி மருந்து மூளைக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். “இன்னும் தூங்கவில்லையே” என்று இரண்டாவது டோஸ் போட்டால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். பிரஷர் பாதாளத்துக்குப் போகும்.

மயக்கத்துக்காக முகர வைக்கும் செவோஃப்ளூரேன் வாயுவுக்கு இதய அணுக்களைக் காக்கும் குணம் உண்டென்று ஆய்வகங்களில் கண்டிருக்கிறார்கள். அதை நம்பி டயலைக் கூட்டக் கூடாது. அதுவும் ரத்தக்குழாயை விரிக்கும். கசிவை அடைத்து ரத்தம் ஏற்றுவதுதான் இதயத்துக்கு முதல் காவல்.

கேள்வி: மலை உயரத்தில் மருந்தின் அளவு மாறுமா?
- வாசகர், குன்னூர்

பதில்: ஊசி மருந்துக்கு மாறாது. செவோஃப்ளூரேனை ஆவியாக்கித் தரும் கருவியான வேப்பரைசரையும் ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்துக்காகத் திருப்ப வேண்டியதில்லை. டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க வாயுவுக்கு மட்டும் டயலைக் கூட்ட வேண்டும். நம் ஊரில் கவலை குளிர்தான். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ரத்தம் சரியாக உறையாது. சேமித்த ரத்தம் 2 முதல் 6 டிகிரியில் இருப்பது. வேகமாக ஏற்றும்போது சூடாக்கித்தான் ஏற்ற வேண்டும். பையில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குறைந்தால் இதயத் துடிப்பு வலுவிழக்கும். அதனால் பைகள் ஏற ஏற கால்சியம் ஊசியும் போடுவார்கள். ரத்தக்கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம், காயம்பட்ட 3 மணி நேரத்துக்குள், 10 நிமிடத்தில் ஏற வேண்டும்.

கூட வருபவர்கள் ஈர உடையைக் கழற்றிவிட்டுக் கம்பளி போர்த்துங்கள். தண்ணீர், டீ எதுவும் புகட்டாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா, அதைக் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பதைச் சொல்லுங்கள். நாடித்துடிப்பைக் குறைக்கும் பிரஷர் மாத்திரைகளான அட்டெனலால், மெட்டோப்ரொலால் சாப்பிடுகிறவரென்றால் மறக்காமல் சொல்லுங்கள். ரத்தம் எவ்வளவு போனாலும் அவர்களுக்கு நாடித்துடிப்பு ஏறாமல் இருக்கலாம்.