ஓட்டுக் கிடங்கில் கைத்தறிக் காட்சிக்கூடம்: மதிப்பீட்டில் கையெழுத்திடும் முன்

கேள்வி: சென்னிமலைப் பக்கம் எங்கள் நெசவாளர் சங்கத்துக்குச் சொந்தமான ஓட்டுக் கிடங்கு ஒன்று சும்மா கிடக்கிறது. 30 அடிக்கு 18 அடி. ஒரு குழித்தறி, பழைய ஜமக்காளங்கள், போர்வைகள், கொஞ்சம் போட்டோக்கள் இருக்கின்றன. இதைச் சிறிய காட்சிக்கூடமாக்க எண்ணி, கோவையில் ஒரு டிசைன் ஸ்டுடியோவைக் கேட்டோம். லோகோ, பேனல், தொடுதிரை, விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்லியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒரே தொகையாக இருக்கும்வரை வேண்டாம். அது அதிகமா குறைவா என்பதே உங்களுக்குத் தெரியாது. உள்ளடக்கம், வடிவமைப்பு, தயாரிப்பு, பொருத்தும் வேலை என்று நான்காகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தயாரிப்பில் ஒவ்வொரு உருப்படிக்கும் அளவு, தடிமன், பொருள், சதுர அடி விலை எழுதியிருக்க வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால் ஈரோட்டிலோ பெருந்துறையிலோ விலை விசாரித்துப் பார்க்கலாம். உள்ளடக்கத்துக்குத் தொகையே காட்டவில்லை என்றால், தகவல் திரட்டி எழுதும் வேலை உங்கள் தலையில் விழப்போகிறது என்று பொருள். அதில் தவறில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கூடவே, அவர்கள் அமைத்து இரண்டு வருடமாவது ஆன ஒரு நிரந்தரக் காட்சியை நேரில் போய்ப் பாருங்கள். கொடிசியா கண்காட்சி வளாகத்தில் 3 மீட்டருக்கு 3 மீட்டர் ஸ்டாலை ஒரே இரவில் அழகாக நிறுத்துபவர்கள் கோவையில் நிறையப் பேர் உண்டு. ஸ்டால் நான்கு நாள் நின்றால் போதும். உங்கள் பேனல் ஆடிக் காற்றையும் ஐப்பசி மழையையும் வருடா வருடம் தாங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கைப்பழக்கம்.

ஸ்டுடியோ படம் போட ஆரம்பிப்பதற்கு முன் உங்கள் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தாள் போட்டு, நீள அகலம், நூல் நம்பர் (நூலின் பருமனைக் காட்டும் எண்), யார் நெய்தது, எந்த ஊர், யாரிடமிருந்து வந்தது, எங்கே கிழிந்திருக்கிறது என்று எழுதி வையுங்கள். இது இல்லாமல் வரும் வடிவமைப்பு வெறும் சுவர் அலங்காரமாகத்தான் இருக்கும். 540 சதுர அடியில் தறிக்கும் அதைச் சுற்றி ஆள் நடக்கவும் போக, பத்துப் பன்னிரண்டு துணிகளுக்குமேல் காட்ட முயலாதீர்கள். மீதி பெட்டியில் இருக்கட்டும், மாற்றி மாற்றி வைக்கலாம். அகழாய்வு நடந்த கொடுமணல் பக்கத்தில்தானே இருக்கிறது, அதையும் சேர்ப்போம் என்று யாராவது கிளம்புவார்கள். இடம் கொடுக்காதீர்கள்.

எழுத்தைப் பொறுத்தவரை, முகப்புப் பேனலுக்கு 80 முதல் 100 சொல், மற்ற பேனல்களுக்கு 50 முதல் 60, ஒவ்வொரு பொருளுக்கும் அடியில் வைக்கும் அட்டைக்கு 20 சொல் போதும். ஆங்கிலத்தில் எழுதி வாங்கித் தமிழாக்கினால் தமிழ் கட்டத்துக்குள் அடங்காது. உடனே எழுத்தைச் சிறிதாக்கிவிடுவார்கள். ஆகவே முதலில் தமிழில் எழுதி, அது பிடிக்கும் இடத்தை வைத்தே பேனலை வரையச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படிக்க 30 பாயின்ட், குனிந்து பார்க்கும் அட்டைக்கு 22-24 பாயின்ட். தமிழ் எழுத்துகளில் மேலே வளைவும் (கி, கீ) கீழே சுழியும் (கு, கூ) வருவதால் வரி இடைவெளி எழுத்தளவில் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். இருபுறமும் சமன் செய்யக் கூடாது. நம் சொற்கள் நீளம் என்பதால் நடுநடுவே பெரிய ஓட்டைகள் விழும். பேனலின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வரட்டும்.

அச்சில் அடிக்கடி நேரும் கோளாறு ஒன்று உண்டு. இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் ஆகிய வடிவமைப்பு மென்பொருள்களில் தென்னாசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைக் கோக்கும் அமைப்பை) தேர்வு செய்யாமல் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். 'கொங்கு' என்று எழுதியது கண்டபடி உடையும். பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது துணைக்காலும் ரகரமும் குழம்பும். அதனால் மாற்றிய கோப்பைக் கணினியில் மட்டும் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். உண்மை அளவில் தாளில் எடுத்துச் சுவரில் ஒட்டி, கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவரையும் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் எழுத்தை அவுட்லைனாக்கி (படவடிவமாக மாற்றி) அச்சுக்கு அனுப்ப வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களைக் கேட்டால் நாளைக்கு உரிமப் பணம் என்ற பேச்சு வராது.

பேனலுக்கு ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம். 3 மி.மீ. சன்போர்டும் (இலேசான நுரைப் பலகை) நாலடி நீளத்தில் வில்லாக வளையும். 3 மி.மீ. ஏ.சி.பி. (இருபுறமும் அலுமினியம் ஒட்டிய) தகட்டில் வினைல் ஒட்டி, மேட் லேமினேஷன் செய்து, அலுமினியக் குழாய்ச் சட்டத்தில் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் ஈரம் கக்கும். காற்றோட்டம் இல்லாமல் ஒட்டியிருந்தால் வினைல் கொப்புளம் விடும். பளபள லேமினேஷன் விளக்கைத்தான் காட்டும், எழுத்தைக் காட்டாது.

இனி விளக்கு. பழைய துணிக்கு நல்லதும் கெட்டதும் இதில்தான் இருக்கிறது. சாயமிட்ட பழைய துணியின்மேல் 50 லக்ஸுக்குமேல் (லக்ஸ் என்பது பரப்பில் விழும் ஒளியின் அளவு) ஒளி விழக்கூடாது என்பது அருங்காட்சியகங்களின் வழக்கமான அளவு. ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போகும்: 500 லக்ஸில் ஒரு மணி நேரமும் 50 லக்ஸில் பத்து மணி நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெளுத்த சாயம் திரும்பாது. ஆகவே கூரையில் கண்ணாடி ஓடுகள் இருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள், அல்லது தறியின்மேல் மட்டும் விடுங்கள். தறியில் இருப்பது புதுப் பாவு (நீளவாக்கு நூல்). அதற்குக் கவலை இல்லை, நெய்பவருக்கும் வெளிச்சம் வேண்டும். பழைய துணிகள் எதிர்க்கோடியில், 3000 கெல்வின் (இளமஞ்சள் ஒளி), சி.ஆர்.ஐ. (நிறத்தை உள்ளபடி காட்டும் திறன்) 90க்கு மேற்பட்ட எல்.இ.டி. ஸ்பாட் விளக்கில், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரோடு இருக்கட்டும். ஆள் வந்தால் எரியும் சென்சார் வைத்தால் சேதம் குறையும். மதிப்பீட்டில் 'விளக்கு 20 எண்ணம்' என்று மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

துணியில் ஆணி, ஸ்டேப்ளர் படக்கூடாது. போர்வைக்கு மேல் ஓரம் முழுக்க இரண்டு அங்குலப் பருத்தி நாடாவைக் கையால் தைத்து, அதில் வெல்க்ரோ பிடித்து, மறுபாதியைச் சுவர்ச் சட்டத்தில் ஒட்டுவது பாதுகாப்பு. ஜமக்காளம் கனம், நட்டுக்குத்தாகத் தொங்கவிட்டால் மேல்பக்கம் இழுபட்டுத் தொய்யும். சாய்வுப் பலகையில் படுக்க வையுங்கள். பலகை ப்ளைவுட்டோ எம்.டி.எஃப்போ ஆனால் அதிலிருந்து வரும் அமில ஆவி துணியைப் பழுப்பாக்கும், இடையில் தடுப்பு வேண்டும். துணி மட்டும் ஆவியைத் தடுக்காது. பலகையை அலுமினியப் படலத்தால் மூடி, அதன்மேல் உங்கள் ஊர்க் கோராத் துணியை (வெளுக்காத பருத்தித் துணி) போடலாம். ஆனால் வெந்நீரில் அலசிக் கஞ்சியை முழுக்க எடுத்துவிட்டு விரியுங்கள். ராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடித்தான் வரும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை துணிகளை மாற்றுங்கள். எடுத்ததை மடிக்காமல் குழாயில் சுருட்டி வைத்தால் மடிப்புக் கோட்டில் இற்றுப்போகாது.

தறியின் இடத்தை மற்ற எல்லாவற்றுக்கும் முன் முடிவு செய்யுங்கள், குழியைப் பிறகு நகர்த்த முடியாது. குழிக்குக் கரையான் மருந்து, சுற்றிலும் மூன்றடிக் கைப்பிடி. பிள்ளைகள் நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் ஓடம்) எறிந்து பார்க்கத் தனியாக ஒரு சின்னச் சட்டம் செய்துவிட்டால் தறியில் கை வைக்க மாட்டார்கள். தொடுதிரைக்கு ஒதுக்கிய பணத்தை, வாரம் இரண்டு நாள் வந்து நெய்யும் ஒருவருக்குக் கூலியாக ஒதுக்குவது நல்லது. திரை தூசியிலும் மின்னழுத்த ஏற்ற இறக்கத்திலும் நின்றுபோகும். தறிச் சத்தம்தான் ஆளை உள்ளே இழுக்கும்.

லோகோவுக்கு அவசரமே இல்லை. ஒற்றை நிறத்தில், ஒன்றரை செ.மீ. துணி லேபிளில் அடையாளம் தெரிகிறதா என்று மட்டும் சோதியுங்கள். காசு கொடுத்ததாலேயே அது உங்களுடையது என்று நம்பியிருக்க வேண்டாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றத்தை எழுத்தில் வாங்குங்கள். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வணிகச் சின்னமாகப் பதிவதானால் போர்வைக்கு 24ஆம் வகுப்பு, ஜமக்காளம் போன்ற விரிப்புக்கு 27. கைத்தறி முத்திரையை (ஹேண்ட்லூம் மார்க்) லோகோவோடு கலக்கக் கூடாது, அதற்குத் தனிப் பதிவு உண்டு. 'பவானி ஜமக்காளம்' புவிசார் குறியீடு பெற்ற பெயர். விற்பனை மேசையில் வேறு ஊரில் நெய்ததற்கு அந்தப் பெயரை ஒட்டாதீர்கள்.

பணத்தை முன்பணம் 30 சதவீதம், வடிவமைப்பு ஒப்புதலில் 30, பொருத்தி முடித்ததும் 30 என்று பிரித்து, கடைசிப் பத்தை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வையுங்கள். விலையில் ஜி.எஸ்.டி. சேர்ந்ததா என்று கேளுங்கள். ஒப்படைக்கும்போது அச்சுக் கோப்புகள், திருத்தக்கூடிய மூலக் கோப்புகள், பெயின்ட் எண், விளக்கின் மாடல் எண், மின்கம்பி வரைபடம் எல்லாம் ஒரு பென்டிரைவிலும் ஒரு ஃபைலிலும் சங்க அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.