பல வருடம் கழித்துப் பாய்மரப் படகில் பாய் விரிக்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கல்லூரி நாட்களில் நாங்கள் நாலு பேர் சென்னைத் துறைமுகத்தில் டிங்கி என்கிற சின்னப் பாய்மரப் படகு ஓட்டியவர்கள். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டோம். மறுபடி இறங்கலாமா அண்ணா? (கோத்தகிரி)

தாராளமாக. ஆனால் தலைக்கு ஞாபகம் இருப்பது கைக்கு இருக்காது. காற்று திடீரென்று அடிக்கும்போது பாய்க் கயிற்றை விடுவதா, இழுப்பதா என்று யோசிக்க நேரம் கிடைக்காது. முதலில் ஊட்டி ஏரியில் துடுப்புப் படகு எடுத்துச் சில வாரம் வலியுங்கள். பெடல் படகு வேண்டாம், அது பேரப்பிள்ளைகளுக்கு. அந்த உயரத்தில் மூச்சு வாங்கும்போதே உங்கள் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கொடைக்கானல் ஏரியில் பாய்மரம் எப்படி இருக்கும்?

அனுமதி கேட்காமல் எதையும் இறக்காதீர்கள். கிடைத்தாலும் சுலபமில்லை. 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை அணை கட்டி உண்டாக்கிய ஏரி அது, நட்சத்திரம் மாதிரி கிளை கிளையாகப் பிரியும். சுற்றிலும் மலையும் மரமும். ஒரு கிளையில் காற்றே இருக்காது, முனை திரும்பினால் பக்கவாட்டில் வந்து அறையும். தண்ணீர் கருத்துச் சிலிர்த்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், காற்று வருவதற்கு அதுதான் அடையாளம். இன்னொன்று: 2,100 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகக் காற்று பாயை அந்த அளவு குறைவாகத்தான் தள்ளும். இங்கே பழகிவிட்டுச் சென்னைக்குப் போனால் அதை மறக்க வேண்டாம்.

எங்கள் கூட்டத்தில் எல்லோருமே கேப்டன். என்ன செய்வது?

கரையிலேயே ஒருவரை முடிவு செய்யுங்கள். சண்டையைத் திரும்பி வந்து டீக்கடையில் போடலாம்.

கவிழ்ந்தால்? (பழனி)

கவிழும், அதனால் முதல் நாளே ஆழமுள்ள, ஆள் காவல் இருக்கும் இடத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். தண்ணீருக்குள் விழுந்ததும் தலைகளை எண்ணுங்கள். படகை விட்டு யாரும் நீந்திப் போகக் கூடாது, கரை எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் சரி. பாய்க் கயிறுகளைத் தளர்த்தி, படகின் முகப்பைக் காற்றை நோக்கித் திருப்பி, சென்டர்போர்டின் மேல் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை) ஏறி நின்று பின்னால் சாய்ந்தால் படகு நிமிரும். மலை ஏரியில் முதல் நிமிடம் குளிரில் மூச்சுத் திணறும். அது அடங்கும்வரை படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தால் போதும், அப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம்.

பரணில் பழைய லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, போதுமா?

போதாது. உள்ளே இருக்கும் ஃபோம் நொறுங்கியிருக்கும், தையல் விட்டிருக்கும். புதிது வாங்குங்கள்.